வெளியே கேட்காத பாட்டு

...நீல ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, காது மெத்தையைக் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கினேன், நேராகப் போய் அடி தட்டிவிட்டது, அடி தட்டுகிற ஸ்பாஞ்சை வைத்து யாரை ஏமாற்றுகிறார்கள், நாற்காலியாக இருந்தால் உட்கார்ந்தவன் உட்கார்ந்த சூட்டிலேயே நெளிய ஆரம்பித்துவிடுவான், காது மட்டும் என்ன பாவம் செய்தது... கறுப்பு அப்படியில்லை, அமுக்கினால் மெதுவாக உள்ளே வாங்குகிறது, விட்டால் மெதுவாக எழுந்து வருகிறது, அதற்கு அவசரமே இல்லை. கார் சீட், சோபா, பல் டாக்டரின் சாய்வு நாற்காலி, சினிமா தியேட்டரின் கடைசி வரிசை வரைக்கும் தைத்துப் போட்டவள் நான், ஊரில் பாதிப் பேர் சாய்ந்துகொள்வது என் கைவேலையின் மேல்தான், அவர்களுக்கு என் முகம் தெரியாது, எனக்கு அவர்கள் முதுகு தெரியும், மெத்தை விஷயத்தில் என் கட்டைவிரல் பொய் சொல்லாது. ஆனாலும் அவசரப்படக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை, பட்டறை லீவு, மகள் சிநேகிதிகளிடம் சொல்லிக்கொண்டு வரப் போயிருக்கிறாள், விளக்குப் போடுகிற நேரத்துக்குத்தான் வருவாள், அதற்குள் இந்த இரண்டு ஹெட்போனில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைக் கடையில் கொடுத்துவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை அவள் கிளம்புகிறாள், புது வேலை, வேறு ஊர், ஒரு முழு ராத்திரி பஸ் பயணம். நான் தைத்தது எல்லாம்தான் அவளிடம் இருக்கிறதே, பை, தலையணை, போர்வை உறை, எனக்குத் தைக்க வராத பொருளாக ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பலாம் என்று பார்த்தேன்.

கடைக்காரர் நல்ல மனிதர், அவர் கடையில் வருகிறவர்கள் உட்காரும் சோபா நான் போட்டதுதான், அந்த உரிமையில் இரண்டையும் பெட்டியோடு தூக்கிக் கொடுத்து, "வீட்டுக்குக் கொண்டுபோய் போட்டுப் பாருங்கக்கா, புடிச்சத வச்சுக்கோங்க, மத்தத கடை மூடுறதுக்குள்ள குடுத்துடுங்க" என்றார். இரண்டும் ஒரே விலை, இரண்டும் விலை குறைந்த ரகம், "ரெண்டுலயும் பேஸ் பிச்சு உதறும்" என்று வேறு சொன்னார். பேஸ் என்றால் என்ன என்று கேட்டேன், கேட்க எனக்கென்ன வெட்கம். "அடிச்சத்தம்கா, டம் டம்னு நெஞ்சுல வந்து முட்டும், இப்ப உள்ள புள்ளைங்களுக்கு அதுதான் வேணும்" என்றார். சரி, இரண்டில் எது நல்லது, நீங்களே சொல்லுங்கள் என்றால் தலையைச் சொறிகிறார், "அது அவங்கவங்க காதப் பொறுத்ததுக்கா" என்கிறார்... இதைச் சொல்ல ஒரு கடை, அதற்கு ஒரு போர்டு! என்னிடம் வந்து எந்த ஸ்பாஞ்ச் நல்லது என்று கேட்டால், அவங்கவங்க முதுகைப் பொறுத்தது என்று சொல்வேனா, சொன்னால் என் பிழைப்பு என்ன ஆகும். அவர் சொல்லாவிட்டால் போகட்டும், எனக்கும் இரண்டு காது இருக்கிறது, கூடவே ஒரு கட்டைவிரலும் இருக்கிறது.

முதலில் நீலம். போனோடு சேர்த்ததும் உள்ளேயிருந்து ஒருத்தி இங்கிலீஷில் என்னவோ சொன்னாள், சேர்ந்துவிட்டோம் என்கிறாள் போல, சரிம்மா, சந்தோஷம். மாட்டின நொடியே இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்தது, மூக்குக்கண்ணாடியின் காலைக் காதோடு சேர்த்து அழுத்தியது, மேல்பட்டையில் துணியைச் சுற்றிவிட்டு அதற்கு மெத்தை என்று பேர் வைத்திருக்கிறார்கள், உச்சந்தலையில் ஒரே இடத்தில் குத்துகிறது. தையல் எப்படி என்று பார்த்தேன், தையலே இல்லை, வெறும் ஒட்டு, ஓர மடிப்பில் பசை எட்டிப் பார்க்கிறது, கோடை வந்தால் வாயைப் பிளந்துவிடும், நான் எழுதிக் கொடுக்கிறேன். குத்துப்பாட்டு ஒன்றைப் போட்டேன். டம் டம் என்றது, குறை சொல்லக் கூடாது, தாராளமாகவே டம் டம் என்றது, ஆனால் காலி டிரம்மைத் தட்டுகிற டம் டம், பாடுகிறவன் அந்த டிரம்முக்குப் பின்னால் எங்கேயோ நின்று கத்துகிறான், பாவம், பாதி வார்த்தை என்னிடம் வந்து சேரவே இல்லை. மெஷினில் நூல் கோக்கிற மாதிரி குனிந்து பார்த்தேன், நழுவவில்லை, அந்தப் பிடி பிடித்தால் எப்படி நழுவும். பிஸ்கட் ஒன்றை மென்று பார்த்தேன், தாடை அசைகிறபோதெல்லாம் வலித்தது. பாட்டு முடிவதற்குள் காது சிவந்துவிட்டது, கண்ணாடியில் பார்த்தால் வாத்தியார் காதைத் திருகிவிட்ட பிள்ளை மாதிரி இருக்கிறேன், இந்த வயதில்.

அப்புறம் கறுப்பு. மாட்டியதும் முதலில் பட்டறை காணாமல் போனது, தெருவில் போகிற வண்டி, பக்கத்து வீட்டுக் குழாய், மேலே சுற்றுகிற மின்விசிறியின் கடகட, எல்லாம் கதவை மெல்லச் சாத்தின மாதிரி தள்ளிப் போய்விட்டன, பாட்டை இன்னும் போடவே இல்லை, அதற்குள் இவ்வளவு அமைதி, அட என்றேன், சொன்னேனா நினைத்தேனா தெரியவில்லை... பட்டறையில் துணி வெட்டுகிறவனை நாங்கள் கத்தரி என்றுதான் கூப்பிடுவோம், அவன் அடிக்கடி சொல்வான், "அக்கா, மெஷின் ஓடுறப்ப நீங்க பாட்டுக்கு பேசிக்கிட்டே இருக்கீங்க, உங்களுக்கே தெரியாது, தெருமுனை வரைக்கும் கேக்குது" என்று. கேட்டால் கேட்கட்டுமே, யார் குடியைக் கெடுக்கிற பேச்சா பேசுகிறேன், மெஷின் சத்தத்தோடு மல்லுக்கட்டித் தொண்டை பெருத்துப் போயிற்று, அதற்கு நான் என்ன செய்ய. அதே குத்துப்பாட்டைப் போட்டேன். இங்கே அடிச்சத்தம் ஸ்டூல் வழியாக ஏறி வருகிற மாதிரி வந்தது, பாடுகிறவன் டிரம்மை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான், மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன், கனம் கொஞ்சம் கூடுதல், வெயில் நாளில் காது வேர்க்கும், மேலே கேட்கிற பொடிச் சத்தமெல்லாம் கொஞ்சம் அமுங்கித்தான் வருகிறது, அடிச்சத்தம் எல்லாவற்றின் மேலும் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் கண்ணாடிக்கால் உறுத்தவில்லை, பிஸ்கட் மென்றால் வலிக்கவில்லை, ராத்திரி முழுக்க பஸ்ஸில் தலையைச் சாய்த்துக்கொண்டு போகிற பெண்ணுக்கு வேறென்ன வேண்டும். தீர்ப்புச் சொல்லியாயிற்று, கறுப்பு. அப்புறம் ஏன் நீலத்தைப் பெட்டியில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்?

மகளுடைய பழைய ஹெட்போனும் இப்படித்தான், ஒட்டுப் பிரிந்து கிடக்கும், அதனால்தானோ என்னவோ. வீடு என்று நாங்கள் சொல்வது பட்டறையின் பின்பாதியை, நடுவில் பிளைவுட் தடுப்பு, என் மெஷின் இந்தப் பக்கம், அவள் கட்டில் அந்தப் பக்கம், சாயங்காலம் கத்தரி கிளம்பினபின் நான் மிச்சத் தையலை முடிப்பேன், அவள் படுத்துக்கொண்டு பாட்டுக் கேட்பாள். காது மெத்தை உரிந்து ஸ்பாஞ்ச் பல்லை இளித்துக்கொண்டிருக்கும், உரிந்த பொடி அவள் கன்னத்திலும் தலையணையிலும் கறுப்புக் கறுப்பாக ஒட்டியிருக்கும், மெஷினை நிறுத்தினால் அந்தப் பக்கமிருந்து பாட்டு ஒழுகி வரும்... சிக்குச் சிக்கு, சிக்குச் சிக்கு, கொசு கச்சேரி வைத்த மாதிரி. அது ஒன்று போதும் எனக்கு. வேகமாக வந்தால் பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாள், சத்தம் ஏறிக்கொண்டே போனால் யார் மேலோ கோபம், நின்று நின்று வந்தால் சிநேகிதியோடு மெசேஜில் சண்டை, ஒன்றுமே வராவிட்டால் தூங்கிவிட்டாள். வாயைத் திறந்து சொல்கிற பெண்ணா அவள், அப்படியே அவள் அப்பா, மனிதர் போய்ச் சேருகிற வரைக்கும் பேச்சை எண்ணி எண்ணிச் செலவழித்தார், நானோ ஓயாத வாய், எப்படித்தான் எங்களுக்கு முடிச்சுப் போட்டார்களோ. என்ன கேட்டாலும் "ம்", "ஒண்ணுமில்ல", "விடும்மா", இந்த மூன்றுக்கு மேல் அவளிடமிருந்து பெயராது. அதனால் நான் கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன், ஒழுகுவதைக் கேட்டுக்கொண்டேன், என் பெண்ணைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் இருந்தேன்.

வேலை கிடைத்த அன்று மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள். "நான் போகட்டுமாம்மா?" என்றாள். கார் சீட்டின் உறையை ஊசிக்கடியில் திருப்பிக்கொண்டிருந்தேன், வளைவான இடம், நிறுத்தினால் தையல் கோணிவிடும், கண்ணை எடுக்காமலே "போயேன், யாரு புடிச்சு வச்சிருக்கா" என்றேன். தைரியமாகப் போ என்றுதான் அர்த்தம், வேறென்ன அர்த்தம், மெஷின் சத்தத்தில் எல்லாப் பேச்சும் சண்டை மாதிரித்தான் வரும், இவ்வளவு வருடம் இந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு அது தெரியாதா... கொஞ்ச நேரம் நின்றாள், உள்ளே போய்விட்டாள். அன்று சாயங்காலம் தொடங்கியது ஒரு பாட்டு, ஒரே பாட்டு, மறுபடி மறுபடி, துள்ளிக்கொண்டு, சிக்கிச் சிக்கிச் சிக், சிக்கிச் சிக்கிச் சிக்... ஓகோ, அம்மாவை விட்டுப் போகிற சந்தோஷம் தாங்கவில்லையாக்கும், ஆடட்டும், ஆடுகிற வயதுதானே என்று நினைத்துக்கொண்டேன். வலித்தது, இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய், வலிக்கத்தான் செய்தது. ஆனால் அழுது வடிகிற ஆள் நானில்லை, சந்தோஷமாகப் போகிற பெண் காதில் உரிந்த மெத்தையோடு போவதா என்று, அவள் வெளியே போயிருந்தபோது அந்த ஹெட்போனை எடுத்துவந்தேன், பழைய மெத்தையைப் பிரித்து வீசினேன், ஒரு பெரிய காரின் சீட்டுக்கு வாங்கினதில் மிஞ்சிய உசத்தி ஃபோமை வட்டமாக வெட்டினேன், மெல்லிய ரெக்சினில் வெளியே தெரியாத தையலாகப் போட்டு இறுக்கி முடிந்தேன். கத்தரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, கம்பெனிக்காரன் பாத்தா உங்கள தூக்கிட்டுப் போயிடுவான்" என்றான். மகள் மாட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "நல்லாருக்கும்மா" என்றாள், அன்றோடு நின்றது பாட்டு.

ஒரு மாதமாகப் போகிறது, ஹெட்போன் காதில் இருக்கிறது, சத்தம் இல்லை. மெஷினை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன், தடுப்பில் காதை ஒட்டிவைத்துக்கூடக் கேட்டேன், ஊகூம். வெறும் தொப்பியாக மாட்டிக்கொண்டிருக்கிறாள், அம்மா பேச்சு காதில் விழக் கூடாது என்று... அதுவும் இல்லாவிட்டால், என் தையலில் அது கெட்டுப்போய், சொன்னால் அம்மா முகம் வாடும் என்று சும்மாவாவது மாட்டிக்கொள்கிறாள். எதுவாக இருந்தாலும் கேட்டால் "விடும்மா" என்றுதான் வரும். சாப்பிட்டியா, ம். துணி எல்லாம் எடுத்து வச்சாச்சா, ம். இப்படியே இருந்துவிட்டு செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிவிட்டால், அங்கே போனபின் அந்த "ம்" கூடப் போனில் வராது, பண்டிகைக்குப் பண்டிகை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிற விருந்தாளி ஆகிவிடுவாள், என் பெண் எனக்கு விருந்தாளியா, இந்தப் பயம்தான் ஒரு மாதமாக. புது ஹெட்போன் கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஒரு கணக்கு, சரியாகாது என்று எனக்கே தெரியும், ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார எனக்கு வராது.

சரி, அந்த ஒழுகலையும் சோதித்துவிடுவோம். கழற்றி மேசையில் வைத்தால் எந்த ஹெட்போனும் கத்தத்தான் செய்யும், மாட்டியிருக்கும்போது வெளியே கேட்கிறதா என்று பார்க்க இன்னொரு தலை வேண்டும், ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எங்கே போவது... கெட்டி ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றை எடுத்து, என் தலைக்கு அளவெடுத்து, இரண்டு பக்கமும் கன்னம் மாதிரி லேசாகச் செதுக்கி ஒரு தலை செய்தேன், மூக்குதான் இல்லை, மற்றபடி லட்சணமான தலை, பேச்சும் கிடையாது, இந்த வீட்டுக்கு ஏற்ற தலை. நீலத்தை அதற்கு மாட்டிப் பாட்டைப் போட்டுவிட்டு, தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் மகள் கட்டிலில் உட்கார்ந்தேன். சிக்குச் சிக்கு, சிக்குச் சிக்கு. அப்படியே அதே கொசு. ஒரு மாதமாகக் கேட்காத சத்தம்... திரும்பி வந்து கறுப்பை மாட்டினேன், அதே பாட்டு, அதே வால்யூம், மறுபடி கட்டிலுக்குப் போனேன். ஒன்றும் இல்லை, மின்விசிறிதான் கேட்டது. எழுந்து வந்து தலைக்குப் பக்கத்திலேயே நின்று கேட்டேன், இல்லை, மெத்தை ஒரு சொட்டுச் சத்தத்தை வெளியே விடவில்லை. விரலால் மெத்தையைக் கொஞ்சம் தூக்கினேன், சிக்குச் சிக்கு. விட்டேன், நின்றது. தூக்கினேன், வந்தது. விட்டேன்... அடி முட்டாளே! நீதானேடி அடைத்தாய்! உன் கையால் வட்டம் வெட்டி, உன் கையால் இறுக்கித் தைத்து, காற்றுப் போகிற சந்துகூட விடாமல் நீயே அடைத்துவிட்டு, பெண் பாட்டை நிறுத்திவிட்டாள், என் மேல் கோபம் என்று ஒரு மாதம் மூக்கைச் சிந்தினாயே! அவள் பாட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், எனக்குத்தான் கேட்கவில்லை. பட்டறையில் யாரும் இல்லாததால் வாய்விட்டுச் சிரித்தேன், ஸ்பாஞ்ச் தலையின் கன்னத்தில் ஒன்று போட்டேன்.

சிரிப்பு அடங்கினபின் பார்த்தால் கை நீலத்தின் மேல் இருக்கிறது. நீலத்தையே வாங்கிக் கொடுத்தால் என்ன... கடிக்கும், குத்தும், கோடையில் வாயைப் பிளக்கும், இருந்தால் என்ன, ஒழுகுமே. தடுப்புக்கு இந்தப் பக்கம் மெஷினை நிறுத்தினால் கேட்குமே. நானே கொஞ்சம் பசையைப் பிரித்துவிட்டால் இன்னும் நன்றாகக்கூட... என்று பெட்டியைத் தேடிக் கையை நீட்டினவள் அப்படியே நின்றுவிட்டேன். ஒழுகி என்ன ஆகப் போகிறது, யார் கேட்கப் போகிறார்கள்? அவள் அங்கே, கட்டிலும் தடுப்பும் மெஷினும் மட்டும் இங்கே. செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் அவள் எந்த ஹெட்போனை மாட்டினாலும் எனக்கு ஒன்றுதான். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பெண்ணை அனுப்ப மாட்டேன் என்று நான் எப்போது சொன்னேன், போக வேண்டும், படித்ததற்கு வேலை கிடைத்திருக்கிறது, என்னை மாதிரி ஸ்டூலிலேயே முதுகு வளைய வேண்டாம், அதெல்லாம் சரி, எல்லாம் சரி, ஆனால் யாரு புடிச்சு வச்சிருக்கா என்று சொன்னேனே, நான்தான் பிடித்து வைத்திருந்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்து வைத்திருந்தேன், வேறு யார்.

கறுப்பை எடுத்து மாட்டிக்கொண்டேன். வேலை கிடைத்த அந்த வாரம் அவள் போன் ரிப்பேருக்குப் போயிருந்ததால் என் போனில்தான் பாட்டுக் கேட்டாள், அவள் கேட்டதெல்லாம் இன்னும் மேலேயே வந்து நிற்கிறது, பேர் எனக்குத் தெரியாது, சத்தம் தெரியும், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன், இது இல்லை, இது இல்லை, இது அவள் கோபமாக இருந்தபோது கேட்டது, இது இல்லை... வந்தது. சிக்கிச் சிக்கிச் சிக். அதே துள்ளல், அந்த ஒரே பாட்டு. கறுப்பில் அந்தத் துள்ளல் எங்கேயோ மேலே, சின்னதாக, அமுங்கிக் கேட்டது, அதற்குக் கீழே... கீழே இவ்வளவு இருக்கிறதா இந்தப் பாட்டில்? அடியில் ஒரு சத்தம் மெதுவாக, ரொம்ப மெதுவாக நடந்து வருகிறது, ஒரு அடி வைக்கிறது, நிற்கிறது, மறுபடி ஒரு அடி வைக்கிறது, திரும்பிப் போகலாமா என்று யோசிக்கிறது, அதன் மேல் ஒரு பெண் குரல், உயர்த்தாமல், தனக்குத்தானே சொல்கிற மாதிரி, என்ன பாஷை என்றுகூடத் தெரியவில்லை, தெரிய வேண்டியதும் இல்லை. இது ஆடுகிற பாட்டு இல்லை, வாசல் வரைக்கும் வந்தவள் செருப்பைப் போடாமல் நிற்கிற பாட்டு. சந்தோஷம் தாங்காமல் கேட்கிறாள் என்றேனே... தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது மேலே இருந்த நுரை, அடியில் இருந்ததெல்லாம் அவள் காதுக்குள்ளேயே இருந்துவிட்டது, நுரையைப் பார்த்துவிட்டு நான் ஆழம் சொன்னேன். வால்யூமை ஏற்றினேன், மறுபடி போட்டேன், மறுபடியும் போட்டேன், ஏண்டி சொல்லல, போகட்டுமாம்மான்னு கேட்டியே, வேணாம்னு சொல்லுவேன்னு நின்னியா, வேணாம்னு சொல்ல எனக்கு மட்டும் ஆசை இல்லையா, போடி, நல்லா இரு, போயிட்டு வா, ஆனா வரணும், வந்துக்கிட்டே இருக்கணும், விருந்தாளி மாதிரி வந்து நின்ன, வெளக்குமாறு பிஞ்சிடும்...

மேசை மேல் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் அவள், தோளில் பை, காலில் செருப்பு, கதவு விரியத் திறந்து கிடக்கிறது. ஒரு காதை நகர்த்தினேன்.

"எப்ப வந்த?"

"கொஞ்ச நேரமாச்சு."

"பாட்டு வெளிய கேக்குதா?" என்றேன், பொருள் வாங்கப் போகிறவள் விசாரிக்கிற முகத்தோடு, வேறெதுவும் அப்போது வாயில் வரவில்லை.

"பாட்டு கொஞ்சம்கூட கேக்கல," என்றாள். "நீ பேசுனதுதான் தெருவுக்கே கேக்குது."

எதிலிருந்து கேட்டாள்... விளக்குமாறிலிருந்தா, அதற்கு முன்னாலா, எதை வாய்விட்டுச் சொன்னேன், எதை மனசுக்குள் வைத்துக்கொண்டேன், பாழாய்ப்போன கறுப்பு, என் குரலை எனக்கே காட்டவில்லையே. "என்னடி கேட்டுச்சு?" என்றேன். "ஒண்ணுமில்ல, விடும்மா." ஆனால் அவள் அறைக்குள் போகவில்லை, செருப்பைக் கழற்றினாள், ஸ்பாஞ்ச் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பாதி தைத்து நிற்கிற சோபாவில் உட்கார்ந்தாள், மூக்கை உறிஞ்சினாள், ஜலதோஷம் என்று சொன்னால் நம்ப நான் தயார். நீலத்தை எடுத்து மாட்டிப் பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள். "காதக் கடிக்குது." "கடிக்கும், அது கடைக்குத் திரும்பிப் போகுது, கறுப்புதான் உனக்கு" என்றேன். "எனக்கெதுக்கு, நீ தச்சுக் குடுத்தது இருக்குல்ல." "அது கெட்டுப் போகலையா?" "யாரு சொன்னா? இப்பத்தான் பேஸே வருது. கறுப்ப நீ வச்சுக்கோ, மெஷின் சத்தத்துக்கு ஆகும்." இவ்வளவு நீளமாக அவள் பேசி எத்தனை நாளாயிற்று. அப்புறம் சோபாவின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த நூலைப் பிடித்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள், எனக்குத் தெரியும், ஏதோ தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது, நான் "என்ன" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், அப்படியே உள்ளே ஓடிவிடும்.

நான் யார், இதற்கு ஒரு வழி தெரியாதவளா, கறுப்பை மறுபடி இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டேன், போனை எடுத்தேன், பாட்டைப் போடுகிற மாதிரி விரலை வைத்தேன், போடவில்லை. தலையை மட்டும் தாளத்துக்கு ஆட்டுகிற மாதிரி ஆட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவள் பேச ஆரம்பித்தாள், என்னைப் பார்க்காமல், நூலைப் பார்த்து, நிறுத்தாமல். ஆனால் என்ன ஸ்பாஞ்ச், என்ன ஸ்பாஞ்ச், வார்த்தையின் ஓரத்தையெல்லாம் விழுங்கிவிட்டு அடியை மட்டும் உள்ளே விடுகிறது, கனமாக, மெதுவாக, ஒரு அடி வைத்து நின்று நின்று வருகிற அவள் குரல், என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை, எவ்வளவு பாரமாகச் சொல்கிறாள் என்பது மட்டும் வந்து சேர்கிறது. கழற்றலாமா, கழற்றினால் நிறுத்திவிடுவாள், பாட்டு ஓடுகிறது என்று நினைத்துத்தானே பேசுகிறாள், ஓடாத ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று யாருக்குத் தோன்றும்... தலை ஆட்டுவது தானாக நின்றுவிட்டது. ஒரு மாதமாகத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் மெஷினோடு பேசிக்கொண்டே இருந்தேனே, தெருமுனை வரைக்கும் கேட்கிற குரலில், என்னென்ன பேசினேனோ, என் தையல்தான் சத்தத்தை அடைத்தது என்று இப்போதுதான் சிரித்து முடித்தேன், ஆனால் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் காதில் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்ததா, இல்லை இப்போது நான் உட்கார்ந்திருக்கிற மாதிரி, பாட்டைப் போடாமல் மாட்டிக்கொண்டு என்னைக் கேட்டாளா? கட்டைவிரலை மெத்தைக்கும் காதுக்கும் நடுவே மெதுவாக விட்டேன், ஒரு நூல் நுழைகிற சந்து. அவள் அதைப் பார்த்தாள். பேச்சை நிறுத்தவில்லை.